ஆசிரியர் பெறுவது கூலியா, கொடையா?

1988ஆம் ஆண்டு, கோவாவில் பணிநீக்கம் செய்யப்பட்ட ஆசிரியை ஒருவரின் வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. கற்பித்தல் உன்னதமான பணி. அதனைச் செய்பவர் தொழில் தகராறுச் சட்டம் கூறும் ‘தொழிலாளர்’ ஆகார் என்பது அதன் சாரம். ஆசிரியருக்குப் பெருமை கிடைத்தது. தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவு அடைபட்டது.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதன்று. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் அவர்தம் தோழர்களும் குர்ஆன் கற்பித்தலை வணக்கமாகக் கருதினர். வணக்கத்திற்குக் கூலி பேசும் ஒப்பந்தம் செல்லாது என்றனர். இமாம் மாலிக், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோர் அதனை அனுமதித்தனர். கற்பிப்போருக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை கிடைத்தவரை ஹனஃபிகளின் தடை எவரையும் வருத்தவில்லை. அத்தொகை நின்றபின், உஸ்தாதுமார் பிழைப்பைத் தேடிச் சென்றால் குர்ஆன் கல்வியே அழிந்துவிடும் என அஞ்சிய பல்கு நகர ஹனஃபி அறிஞர்கள், கூலி பெறுவது கூடும் எனத் தீர்ப்பளித்தனர். பிற்கால ஹனஃபி ஃபத்வா அதன்மீதே நிலைபெற்றது. தம் இமாமின் சொல்லிலிருந்து விலகுகிறோம் என்பதை அவர்கள் அறிந்தே செய்தனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1067இல் பக்தாதில் நிழாமிய்யா திறக்கப்பட்டது. வக்ஃபு வருவாயிலிருந்து முதர்ரிஸுக்கு ஊதியம் தரும் மத்ரஸாக்கள் பெருகின. அப்போது மற்றொரு கேள்வி எழுந்தது: வக்ஃபு தருவது கூலியா, அன்பளிப்பா, தர்மமா? இது ஏட்டளவிலான வாதமன்று. ஆண்டின் நடுவில் முதர்ரிஸ் இறந்தால் அவருடைய வாரிசுகளுக்கு ஏதேனும் உண்டா என்பது இதன் விடையைப் பொறுத்தது. அன்பளிப்பு எனில், கைக்கு வராதது அவருடையதாகாது. கூலி எனில், உழைத்த நாட்களுக்குரியது கடனாக நிற்கும். டமாஸ்கஸ் நகரின் காழி தர்ஸூஸி (இறப்பு 1357), முதர்ரிஸ் இறப்பினும் நீக்கப்படினும் அவர் பணியாற்றிய அளவிற்குரிய பங்கு உண்டு என்றார். ஐந்நூறு ஆண்டுகளுக்குப்பின் இப்னு ஆபிதீன் (இறப்பு 1836) இவ்வாதத்தை மீண்டும் விரித்துரைத்தார்.

இந்தியச் சட்டம் இதே வழியைச் சுற்றித்தான் வந்தது. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம், 1997 ஏப்ரல் 3 அன்று வெளியான அறிவிக்கையால் பத்துப் பேருக்குக் குறையாதோர் பணிபுரியும் கல்வி நிறுவனங்களுக்கு விரிந்தது. எனினும் அச்சட்டத்தின் ‘ஊழியர்’ என்னும் சொல் ஆசிரியரைக் குறிக்காது என 2004இல் உச்சநீதிமன்றம் கூறியது. கடைநிலை ஊழியருக்குக் கிடைத்தது ஆசிரியருக்கு இல்லை! 2009இல் நாடாளுமன்றம் 1997 முதலே செல்லும்படி அச்சொல்லைத் திருத்தியது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்காடின, 2022இல் தோற்றன.

சிறுபான்மையினர் உரிமையைக் காட்டி இத்தகைய பொறுப்புகளிலிருந்து ஒதுங்கலாம் எனக் கருதுவோர் நம்மிடையே உளர். டெல்லியின் சிறுபான்மைப் பள்ளி ஒன்றின் ஊழியர்கள் தொடுத்த வழக்கில், அரசுப் பள்ளிக்கு நிகரான ஊதியம் தரச் சொல்வது நிர்வாக உரிமையைப் பறிப்பதாகாது என 1986இலேயே முடிவாயிற்று. பத்துப் பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் மக்தபுகளை 1997 அறிவிக்கை தொடவில்லை. அங்கே ஓதிக்கொடுக்கும் உஸ்தாதின் கணக்கு, தர்ஸூஸி எழுப்பிய கேள்வியாகவே இன்றும் முத்தவல்லியின் முன் கிடக்கிறது.