பொங்கு

‘பால் பொங்கிச்சா?’ என்று தைப்பொங்கல் காலையில் கேட்கிறோம். ‘கொதிச்சுதா?’ என்று யாரும் கேட்பதில்லை. இந்த வேறுபாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

பொங்கு என்றால் மேலெழு, பெருகு என்பது அடிப்படைப் பொருள். அதில் சூடு கட்டாயமில்லை. இட்லி மாவு இரவெல்லாம் அடுப்பில்லாமலே பொங்குகிறது. கடலும் கண்ணீரும் சினமும் பொங்குகின்றன. தெலுங்கிலும் ‘பொங்கு’தான், கன்னடத்தில் பகரம் ஹகரமாகி ‘ஹொங்கு’. வினையோடு ‘அல்’ சேர்ந்து பொங்கல் ஆயிற்று.

கொதி என்பது வேறு. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். குமிழிகள் மேலே வந்ததும் உடைந்துவிடும், ஆகவே வெறும் தண்ணீர் எளிதில் பொங்கி வழியாது. பாலில் புரதம் இருக்கிறது. அது குமிழிகளைச் சுற்றிப் படலமாகப் படிந்து, அவற்றை உடையவிடாமல் காக்கிறது. மேலே ஆடையும் மூடிக்கொள்ள, அடியிலிருந்து வரும் நீராவி நுரையைத் தூக்கிக்கொண்டே போகிறது. அடுப்பைத் தணித்தால் ஆவி குறைந்து நுரை அமுங்கும். சோற்று உலை பொங்குவதும் இப்படித்தான். அங்கே நுரையைத் தாங்குவது அரிசி விட்ட கஞ்சிப்பசை.

எண்ணெய்க்கோ இந்த இரண்டு சொல்லும் பொருந்தா. தாளிக்கும்போது ‘எண்ணெய் காய்ந்ததா?’ என்றே கேட்கிறோம். கடுகு வெடிக்கும் சூட்டிலும் எண்ணெய் கொதிப்பதில்லை, காய்கிறது. காய்ச்சல் என்ற சொல்லுக்கும் அந்தக் ‘காய்’தான் வேர்.