லெபனான் மலையும் ஒரு கொடிமுந்திரித் தோட்டமும்

மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையிலே நெடுமதில்போல எழுந்து நிற்பது லெபனான் மலை. அதன் மேற்குச் சரிவிலே, கடலை நோக்கியபடி கசீர் என்னும் ஊர் அமைந்துள்ளது. மலையைக் கடந்து கிழக்கே சென்றால், ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்திலே பரந்து கிடக்கின்றது பெக்கா பள்ளத்தாக்கு. பக்கசு என்னும் மதுத் தெய்வத்தின் பெயரால் வழங்கும் உரோமர் காலக் கோயில் அங்கே பால்பெக் நகரில் இன்றும் நிற்கின்றது. கொடிமுந்திரி அந்த மண்ணுக்கு நேற்று வந்த பயிரன்று.

கஸ்தோன் ஹோஷார் என்னும் இளைஞர், பிரான்சிலுள்ள போர்தோப் பகுதியிற் சிலகாலம் தங்கி மீண்டபின், 1930ஆம் ஆண்டிலே கசீரின் பழைய கோட்டையொன்றில் திராட்சை மது ஆக்கும் தொழிலைத் தொடங்கினார். ஷத்தோ மூசார் என்பது அதன் பெயர். நாடு அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால், படையினரும் அதிகாரிகளும் அதனை விரும்பி வாங்கினர்.

கொடிகள் பெக்காவிலும் ஆலை கசீரிலும் இருப்பானேன் என்று நேயர்கள் வினவலாம். 1920இல் வரையப்பட்ட எல்லை நிலைக்குமோ, பெக்கா பிறிதொரு நாட்டின் பாற்பட்டுவிடுமோ என்ற ஐயமே காரணம் என்பர் குடும்பத்தினர். அக்கால அரசியலை அறிந்தோர் அதனை வீண் அச்சம் என்று தள்ளமாட்டார். ஆயினும் தந்தையின் அந்த முன்யோசனையே பின்னர் மைந்தருக்குப் பெருஞ் சோதனையாயிற்று.

மூத்த மகன் செர்ஜ் போர்தோவிலே மதுவாக்கக் கலையைக் கற்று, 1959இல் ஆலையைப் பொறுப்பேற்றார். இளையவர் ரொனால்ட் 1962 முதல் வணிகத்தைக் கவனித்தார். பழத்தோடு இயல்பாக வரும் மதுவத்தைக் கொண்டே சாற்றை நொதிக்கவிடுவது செர்ஜின் முறை. வடிகட்டித் தெளிவிப்பதும் இல்லை. மூவகைச் செம்முந்திரிகளின் மதுவைத் தனித்தனியே முதிரவிட்டுக் கலந்து, அறுவடைக்கு ஏழாண்டு கழித்தே சந்தைக்கு விடுவார். ஒபைதே, மெர்வா என்னும் உள்ளூர் வெண்முந்திரிகள், பிறவேரில் ஒட்டப்படாது தம் சொந்த வேரிலேயே அங்கு வளர்கின்றன. பெக்காவின் கோடை வறண்டது; பூஞ்சண நோய் குறைவு. எனவே இரசாயன மருந்தின்றிப் பயிர்செய்வது அங்கு எளிதாயிற்று. 2006இல் லெபனானின் முதலாவது சேதன முறைச் சான்றிதழ் பெற்ற தோட்டமாக அது விளங்கிற்று. பழக்கம் முந்தியது, பத்திரம் பிந்தியது.

1975இல் உள்நாட்டுப் போர் மூண்டது. மலையைக் கடக்கும் வீதிகள் போர் முனைகளாயின. 1976இல் மது ஆக்கவே இயலவில்லை. 1982இல் இஸ்ரேலியப் படை புகுந்தபோதும் அறுவடை நின்றுவிடவில்லை. பெதுயீன் மக்கள் பழங்களைப் பறித்தனர்; லொறிச் சாரதிகள் அவற்றை ஏற்றிக்கொண்டு, காவல் நிலைகளை ஒவ்வொன்றாகக் கடந்து வந்தனர். சில மணி நேரத்துப் பயணம் 1984இல் நாட்கணக்கில் நீண்டது. வண்டியிலிருந்த பழங்கள் வழியிலேயே நொதிக்கத் தொடங்கின. அவ்வாண்டு ஆக்கிய மதுவைச் செர்ஜ் வழமைபோல விற்பனைக்கு விடவில்லை. எறிகணைகள் வீழ்ந்த நாட்களில் ஆலையின் நிலவறை அயலவர்க்குப் புகலிடமாயிற்று. இக்கதையை எழுதும் மேனாட்டார் செர்ஜின் துணிவையே பெரிதும் போற்றுவர். லொறி ஓட்டியவர்களின் பெயர்களை எழுதியோர் அரியர்.

உள்நாட்டுச் சந்தை போரினாற் சிதைந்தபோது, குடும்பத்தினர் இங்கிலாந்தை நாடினர். 1979இல் பிறிஸ்டல் நகர மதுக் கண்காட்சியிலே, மைக்கல் புரோட்பென்ட் என்னும் மதுத்துறை அறிஞர் மூசாரின் 1967ஆம் ஆண்டு மதுவைச் சுவைத்துப் பாராட்டினார். அதன்பின் வெளிநாட்டு விற்பனையே ஆலையைத் தாங்கிற்று. "டிகான்டர்" என்னும் ஆங்கிலச் சஞ்சிகை 1984இல் செர்ஜை அவ்வாண்டின் சிறந்த மனிதராகத் தெரிந்தது. அவரது பழங்கள் வீதியில் மறிபட்டு நின்றதும் அதே ஆண்டிலேதான்.

போர் 1990இல் ஓய்ந்தது. 2014 டிசெம்பர் 31ஆந் திகதி செர்ஜ் மெக்சிக்கோவிற் காலமானார். அவ்வாண்டின் அறுவடை அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே மலைகடந்து கசீர் வந்து சேர்ந்திருந்தது. அதனைக் கலந்து, போத்தலில் அடைத்து, ஏழாண்டு காத்திருந்து வெளியிடும் பொறுப்பு அவர்தம் புதல்வர்க்கு உரியதாயிற்று.