இரவாடி விலங்குகளின் கண்ணமைப்பு

இரவில் நடமாடும் விலங்குகள் நிலவும் விண்மீன்களும் தரும் மங்கிய ஒளியிலேயே இரை தேடுகின்றன. முழு இருட்டில் எந்தக் கண்ணுக்கும் பார்வை இல்லை. கிடைக்கும் துளி ஒளியையும் வீணாக்காமல் பயன்படுத்துவதே இரவாடிக் கண்ணின் திறன். தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டின் பரம்பிக்குளம், இடுக்கியின் சின்னாறு ஆகிய காடுகளில் இத்தகைய கண்கள் பல வகையில் அமைந்துள்ளன.

தேவாங்கின் எடை ஏறத்தாழ கால் கிலோதான். ஆனால் அதன் சிறு முகத்தில் கண்களே பெரும் பங்கை அடைத்துக்கொள்கின்றன. இருட்டியதும் கண்பாவை அகல விரிந்து அதிக ஒளியை உள்ளே விடுகிறது. இரு கண்களும் முன்னோக்கி இருப்பதால், கிளையில் ஊரும் பூச்சியின் தொலைவைச் சரியாகக் கணித்துக் கையால் பிடித்துவிடுகிறது.

விழித்திரையில் மங்கிய ஒளியை உணர்பவை குச்சி செல்கள். நிறத்தையும் நுணுக்கத்தையும் உணர்பவை கூம்பு செல்கள். இரவாடிகளின் விழித்திரையில் குச்சி செல்களே மிகுதி. அதனால் நிறமும் கூர்மையும் குறைகின்றன. எலி போன்ற இரவாடிப் பாலூட்டிகளில் குச்சி செல்லின் உட்கருவே ஒளியைக் குவிக்கும் நுண்வில்லையாகச் செயல்படுவது 2009இல் கண்டறியப்பட்டது.

சிறுத்தை, மரநாய், கடமான், தேவாங்கு ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் டபீட்டம் லூசிடம் என்னும் கண்ணாடி போன்ற படலம் உள்ளது. குச்சி செல்களிடம் சிக்காமல் கடந்த ஒளியை இது திருப்பி அனுப்புவதால், அவை அதைப் பிடிக்க இன்னொரு வாய்ப்புக் கிடைக்கிறது. டார்ச் ஒளியில் இவற்றின் கண்கள் மின்னுவது இதனால்தான். தேவாங்கைக் கணக்கெடுப்போர் சிவப்புத் தாள் மூடிய விளக்கைக் கிளைகளில் ஓட்டி, செந்நிறமாக மினுங்கும் இரு புள்ளிகளைத் தேடுகின்றனர். பகலில் திரியும் சிங்கவால் குரங்குக்கு இப்படலம் இல்லை; மனிதருக்கும் இல்லை.

ஆந்தையின் கண் குழாய் வடிவானது; குழியில் சுழலாது. அதை ஈடுசெய்ய, 14 எலும்புகள் கொண்ட கழுத்து ஏறத்தாழ 270 பாகை திரும்புகிறது. மலபார் குழிவிரியனின் கண்பாவை பகலில் மெல்லிய கோடாகச் சுருங்கி விழித்திரையைக் காக்கிறது. இரவில், கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் இடையிலுள்ள குழி இரையின் உடல் வெப்பத்தை உணர்ந்து பார்வைக்குத் துணைநிற்கிறது.

துளி ஒளிக்குப் பழகிய இக்கண்கள் திடீர் வெளிச்சத்தைத் தாங்குவதில்லை. சின்னாறு காட்டின் ஊடே செல்லும் மறையூர்–உடுமலைப்பேட்டை சாலை போன்ற இடங்களில் வண்டியின் முகப்பு விளக்கு பட்டால், குச்சி செல்களிலுள்ள ரோடாப்சின் நிறமி சிதைந்து பார்வை மங்குகிறது. நிறமி மீண்டும் உருவாக நேரம் பிடிக்கும். மனிதக் கண் இருட்டுக்கு முழுதாகப் பழகவே அரைமணி நேரமாகிறது. சாலையில் அமர்ந்திருக்கும் பக்கிப் பறவையும் குறுக்கே வரும் கடமானும் திகைத்து நின்றுவிடுவது இதனாலேயே. காட்டுச் சாலைகளில் இரவில் வேகத்தைக் குறைத்து, விளக்கைத் தாழ்த்தி ஓட்டினால் அவை விலகிச் செல்ல அவகாசம் கிடைக்கும்.