பழவேற்காட்டு ஏரிக்கரையும் நம் மாணவச் செல்வங்களும்

தாம் பிறந்த ஊரின் வரலாற்றை அறியாதார், நாட்டின் வரலாற்றைக் கற்றும் அதன் முழுப்பயனை எய்தார். பிளாசிப் போர் நிகழ்ந்த ஆண்டைத் தயங்காது கூறும் நம் மாணவர், தம் வீட்டிற்கு அண்மையில் புதர் மண்டிக் கிடக்கும் கோட்டையைக் கட்டியவர் யார் என வினவினால் வாய் திறவார். அக்குறை அவருடையதன்று; ஏட்டுக்கல்வி ஊரை மறந்ததன் விளைவு அது. நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், இளைஞர்களின் சிந்தனைக்கு இதனை முன்வைக்கிறேன்.

பழவேற்காட்டு ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. இவ்விரு நீரும் கலக்குமிடத்தே இறால் வளர்கிறது. பூநாரை இரை தேடுகிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடின், ஏரியும் நலியும்; ஏரியை நம்பிய குடும்பங்களின் அடுப்பும் அணையும்.

இக்கரையில் டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்தின் தலைமையிடம் இதுவே. இங்கிருந்து சென்ற துணிவகைகளின் நினைவாக, மலாய் நாட்டினர் கைலியை இன்றும் ‘பெலிக்காட்’ என்றே அழைக்கின்றனர். துணி மட்டுமா கப்பலேறியது? பஞ்சமும் போரும் வாட்டிய காலங்களில், ஆயிரக்கணக்கான ஏழை மக்களும் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டுப் பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டனர். பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா நகரம்.

அவ்வாறு அடிமை வாழ்வில் வீழ்ந்த இவ்வூர்ப் பெண்ணொருத்தியை டச்சு ஆவணங்கள் ‘பழவேற்காட்டுக் கத்ரீன்’ என்று குறிக்கின்றன. பத்தாவியாவில் கொலைக்குற்றத்துக்காக 1656இல் அவர் பெற்ற மரண தண்டனை, நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1657இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையை அடைந்தார். அங்கே துணி வெளுத்து வாழ்ந்த அவருடைய மகன் வழியில் தோன்றியதே, இன்று அந்நாட்டில் பல்கிப் பெருகியுள்ள ஸ்னைமன் குடும்பம். பெற்றோர் இட்ட பெயர் போயிற்று, உற்றார் போயினர், ஊர்ப்பெயர் ஒன்றே அவருடன் கடல் கடந்தது. பழவேற்காடு என்னும் சொல்லின் பெருமையை உணர இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, ஊரில் எஞ்சியோர் நிலையைக் காண்போம். ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு, பட்டினவர் ஊர்களிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பூசலின்றி நீரைப் பகிர வகுத்த நன்முறை அது. ஆயினும் அதில் இடம்பெறும் உரிமை பிறப்பால் வருவது. பாட்டுக்கு வெளியே நிற்கும் ஆதிதிராவிட, இருளர் குலப் பெண்டிரோ, பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, நீரில் அமிழ்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கின்றனர். எப்பருவத்தில் எச்சேற்றில் இறால் பதுங்கும் என்பதை அவர் விரல்கள் அறியும். அவ்வறிவு எந்தப் பாடநூலிலும் ஏறியதில்லை. ஏரியை அறிந்தவர்க்கு ஏரியில் உரிமை இல்லை என்பது எவ்வகை நீதி?

உரிமைக்கு முதற்படி, உள்ள நிலையை எழுதிவைத்தலேயாகும். பொன்னேரி வட்டம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். அம்மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், குடியிருக்கும் மனைகூடத் தமக்கெனச் சொந்தமின்றி நம் முன்னோர் பட்ட துயரை 1891இல் அறிக்கையாக எழுதினார். அதனைத் தொடர்ந்தே 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அம்மாவட்டத்திலேயே பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச்சாலையும் கிணறும் குளமும் எல்லார்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறச் செய்தார். நிலமும் நீரும் வழியும் நமக்கும் உரியன என்பதை இவை சட்டமாக்கின.

ஆகவே இளைஞர்களே! உங்கள் பாட்டியர் ஏரியின் ஒவ்வொரு துறைக்கும் திட்டுக்கும் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். ஊர்க்கிணறு எப்போது, யாரால் வெட்டப்பட்டது, எவர்க்கு மறுக்கப்பட்டது என்பதைக் கேட்டறியுங்கள். முகத்துவாரம் தூர்ந்த ஆண்டுகளையும் வெள்ளம் புகுந்த ஆண்டுகளையும் குறித்துவையுங்கள். வீட்டுப் பட்டாவை எடுத்துப் படியுங்கள். இவற்றின் படியொன்றை நம் சங்க நூலகத்தில் சேருங்கள். பிறர் எழுதிய வரலாற்றில் நம்மவர் விலைப்பொருளாக இடம்பெற்றனர். நாமே எழுதும் வரலாற்றில் இவ்வூரின் உரிமையாளராக இடம்பெறுவோம்.