1965 மாணவர் கிளர்ச்சியும் 1967 தேர்தலும்

1965 ஜனவரி 26 அன்று இந்தி ஒன்றிய அரசின் முதன்மை ஆட்சிமொழியாவதை எதிர்த்துச் சென்னை மாநிலத்துக் கல்லூரி மாணவர்கள் போராடினர். முந்திய நாள் மதுரை ஊர்வலத்தில் மூண்ட மோதல் மாநிலமெங்கும் பரவியது; துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அழகேசனும் மத்திய அமைச்சர் பதவிகளைத் துறக்க முன்வந்தனர். ஆங்கிலம் தொடரும் என்று பிப்ரவரி 11 அன்று பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதியளித்தார். தெருவில் கிடைத்தது அந்த வாக்குறுதிதான். அது சட்டத் திருத்தமானது 1967 இறுதியில், வாக்குப்பெட்டி பேசிய பிறகே.

அவ்வாண்டுச் சட்டமன்றத் தேர்தலில் திமுக தனிப்பெரும்பான்மை பெற்றது. விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் காங்கிரஸ் தலைவர் காமராசரை 1,285 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சில நூறு பேர் மாற்றிக் குத்தியிருந்தால் முடிவே வேறு. ஆளும் காங்கிரசை வீழ்த்தியது அரிசிப் பஞ்சமும் கூட்டணிக் கணக்கும்தான் என்பர். அவற்றின் பங்கை மறுக்க முடியாது. ஆனால் வீடுவீடாக ஏறி மக்களின் கோபத்தை வாக்காக்க ஆள் வேண்டியிருந்தது, அந்த வேலையில் மாணவர்கள் முன்நின்றனர். வாக்குரிமை வயது அன்று 21. ஆகவே அவர்களில் பலருக்கு ஓட்டே இல்லை என்பது வலுவான மறுப்பு. அவர்கள் பெற்றோரின் ஓட்டைத் திரட்டினர் என்பதே விடை. அந்த வயது 18 ஆனது 1989இல், 61ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால்.