கிரோகா, ஓராசியோ (1878–1937)

ஸ்பானிய மொழியில் எழுதிய உருகுவே நாட்டுச் சிறுகதை ஆசிரியர்; இலத்தீன் அமெரிக்க நவீனச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவர். சால்ட்டோ நகரில் பிறந்தார். 1903இல், கவிஞர் லியோபோல்டோ லுகோனெஸ் தலைமையில் இயேசு சபை இடிபாடுகளை ஆராயச் சென்ற குழுவில் புகைப்படக் கலைஞராக அர்ஜென்டினாவின் மிசியோனெஸ் பகுதிக்குச் சென்றார்; பின்னர் அங்குள்ள சான் இக்னாசியோவில் குடியேறினார். காடு, ஆற்று வெள்ளம், பாம்புக்கடி, கூலித் தொழிலாளர் வாழ்வு, எதிர்பாராத மரணம் ஆகியன இவர் கதைப்பொருள்கள். செறிவான நடையும் உணர்ச்சி கலவாத விவரிப்பும் இவருடைய சிறப்பியல்புகள். எட்கர் ஆலன் போ, மாப்பசான், கிப்ளிங், செகாவ் ஆகியோரை முன்மாதிரிகளாகக் கொண்டார்.

முக்கியத் தொகுப்புகள்: 'காதல், பித்து, மரணக் கதைகள்' (1917), சிறுவர்க்கான 'காட்டுக் கதைகள்' (1918), 'அனகொண்டா' (1921), 'நாடிழந்தோர்' (1926). சிறுகதை எழுதுவோர்க்கு இவர் வகுத்த பத்துக் கட்டளைகளுள் இறுதியானதை எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தசார் தம் சிறுகதைக் கோட்பாட்டுக் கட்டுரையில் எடுத்தாண்டு விளக்கினார். புற்றுநோயுற்ற நிலையில் கிரோகா புவெனஸ் ஐரிஸில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.