ஆன்லைன் கிளாஸில் தம்பிக்குக் கவனம் சிதறுதா? திட்டாதீங்க... வீட்டைக் கொஞ்சம் மாத்துங்க!

பழனிசெட்டிபட்டியில் ஒரு சின்ன வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் டி.வி சத்தம், ரோட்டில் கம்பம் பஸ்ஸின் ஹாரன், அடுப்படியில் குக்கர் விசில். நடுவில் மொபைலும் கையுமாக ஆன்லைன் கிளாஸில் உங்கள் தம்பி. ஐந்து நிமிஷம்தான்... அடுத்து ஆள் மொட்டைமாடியில்! ``ஒரு இடத்துல உக்கார மாட்டியாடா?'' என்று கத்துகிறீர்களா? ஒரு நிமிஷம் பொறுங்க.

தம்பிக்கு ஏ.டி.ஹெச்.டி இருந்தால் அது சேட்டையும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு நிலை. கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்துவது, நேரத்தைக் கணிப்பது, கேட்டதை மனதில் வைத்திருப்பது எல்லாமே இவர்களுக்குக் கூடுதல் சிரமம்.

பள்ளியில் மணி அடிக்கும், டீச்சர் பார்வை இருக்கும், பக்கத்து பெஞ்ச் பையன் எழுதுவதைப் பார்த்து இவனும் எழுதுவான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, பாடம் மொபைலுக்கும் கல்வித் தொலைக்காட்சிக்கும் மாறியபோது இந்தத் துணைகள் மொத்தமாகக் காணாமல்போயின. இன்றைக்கு ஆன்லைன் டியூஷனிலும் அதே நிலைமைதான். அந்தத் துணையை நீங்கள்தான் வீட்டில் உருவாக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

* இடம்: சுவரைப் பார்த்து உட்காரவையுங்கள். கிளாஸ் முடியும்வரை டி.வி-க்கு லீவு!

* மொபைல்: நோட்டிஃபிகேஷனை ஆஃப் செய்யுங்கள. ஆண்ட்ராய்டில் `ஆப் பின்னிங்', ஐபோனில் `கைடட் ஆக்சஸ்' வசதியை ஆன் செய்தால், வேறு ஆப்புக்குத் தாவ முடியாது.

* நேரம்: ரெக்கார்டட் வீடியோ என்றால் 15 நிமிஷம் பாடம், 5 நிமிஷம் பிரேக். கடிகாரம் கண்ணெதிரே இருக்கட்டும்.

* ஒரு நேரத்தில் ஒரு வேலை: ``நோட்டை எடு.'' எடுத்த பிறகு, ``தேதி போடு.'' நான்கு வேலையை மொத்தமாகச் சொன்னால் மூன்று மறந்துபோகும்.

* அசையட்டும்: நின்றுகொண்டு கேட்கட்டும், கையில் ரப்பர் பந்தை உருட்டட்டும். காது பாடத்தில் இருந்தால் போதும்.

* பாராட்டு: ``ரெண்டு கணக்கை எந்திரிக்காம முடிச்சிட்டியே!'' என்று அப்போதே சொல்லுங்கள்.

எப்போது டாக்டர்?

கவனம் சிதறும் எல்லோருக்கும் ஏ.டி.ஹெச்.டி என்று அர்த்தம் இல்லை. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். 6 மாதங்களுக்கு மேல், வீடு, பள்ளி என ஓரிடத்துக்கு மேல் அவை நீடிக்கிறதா என்றும் டாக்டர் பார்ப்பார். ஆன்லைன் கிளாஸில் மட்டும்தான் பிரச்னை என்றால், காரணம் வேறாக இருக்கலாம். தங்கச்சிகளையும் கவனியுங்கள். ஓடியாடாமல், அமைதியாக உட்கார்ந்தபடியே கவனம் சிதறும் பிள்ளைகளை `சமத்து' என்று விட்டுவிடுகிறோம்.

தேனிப் பக்கம் இருப்பவர்கள் க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். முதலில் பேசிப் பார்க்க வேண்டுமா? மத்திய அரசின் `டெலி மானஸ்' எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மாத்திரை தேவையா, பயிற்சி போதுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். யூடியூப் பார்த்து நீங்களே முடிவு பண்ணாதீங்க.

`நான் மக்கு' என்று தம்பி தன்னைப் பற்றி நம்ப ஆரம்பித்துவிட்டால், அதை மாற்றுவதுதான் ரொம்பக் கஷ்டம். அதனால் இன்றைய கிளாஸுக்கு, பத்து நிமிஷம் அவன் பக்கத்தில் உட்காருங்களேன்!